மில் சந்து வழியே நானூறு வண்டிகள்

மே 13, திங்கள்

மதுரை. காலை ஐந்தரைக்கு ரயில் வந்து சேர்ந்தது. கடந்த இருபத்தாறு வருஷத்தில் இந்த ஊருக்கு நான் வந்ததெல்லாம் இரண்டு சாவுக்கும் ஒரு கல்யாணத்துக்கும்தான். மூன்று முறையும் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். இப்போது இரண்டு மாதம் தங்க வேண்டும். லாட்ஜ் அறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.

வேலை இதுதான். ஊரில் மணிக்கூண்டு சாலை என்று ஒன்று. காலையிலும் மாலையிலும் அதில் வண்டி நகராது. அதை ஒருவழிப் பாதையாக்கினால் என்ன ஆகும் என்பதை, நிஜத்தில் செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் செய்து பார்க்க வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டி மதுரை. அதில் எட்டாயிரம் பொய் ஓட்டுநர்கள். ஒவ்வொருவரும் வீட்டை விட்டுக் கிளம்பி, எந்த வழி சீக்கிரம் என்று யோசித்து, அந்த வழியில் போவார்கள். மாட்டிக்கொண்டால் மறுநாள் வேறு வழி பார்ப்பார்கள். இப்படி நூறு பொய் நாட்கள் ஓடவிட்டால், யார் எந்த வழியில் போவார்கள் என்பது ஒரு நிலைக்கு வரும். இருபது வருஷமாக இந்தப் பொம்மை விளையாட்டுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்றால், எங்கள் முதலாளி ரகோத்தமன் சாருக்கு அது ரொம்பச் சுலபமாகத் தோன்றியது. "ஒங்க ஊருதானே கண்ணபிரான். கண்ணைக் கட்டி விட்டாலும் போயிடுவீங்க" என்றார்.

ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து ஆபீஸ் போட்டிருக்கிறார்கள். உதவிக்கு ஷர்மிளா பானு. இந்த ஊர்ப் பெண், எம்.இ. படித்தவள், ஸ்கூட்டியில் வருகிறாள். சிரிக்காமல் கிண்டல் செய்கிற ஜாதி. "மதுரைக்காரர் வர்றாருன்னாங்க, நீங்க மெட்ராஸ் தமிழ்ல பேசுறீங்களே சார்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் உண்மைதான்.

மே 15, புதன்

சாலைகளை ஏற்றும் வேலை. இணையத்தில் கிடைக்கிற வரைபடத்தை இறக்கி, ஒவ்வொரு சாலையும் எத்தனை அடி அகலம், எங்கே திரும்பலாம், எங்கே கூடாது என்று கையால் சரிசெய்ய வேண்டும். கண்ணெல்லாம் எரிகிறது.

வரைபடம் போட்டவன் ஒரு முட்டாள். செண்பகா மில்லை ஒட்டிப் போகும் சந்து முழுசாக இல்லை. நந்தவனத் தெருவுக்குள் நுழைந்த உடனே இடது கைப் பக்கம் திரும்பினால் மில் சந்து. மில் சுவரை ஒட்டியே போய் பைபாஸ் பக்கம் ஏறிவிடலாம். வரைபடத்தில் அது இரண்டு முனையிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது, நடுவில் வெறும் சாம்பல் நிறம். நானே கோடு இழுத்து இணைத்தேன். பதினெட்டு அடி அகலம், இருவழி. அளந்து பார்க்க வேண்டியதில்லை. இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போக, எதிரே ஒரு பஞ்சு லாரி வந்தாலும் யாரும் இறங்க வேண்டியிருக்காது.

அந்தச் சந்தில் எப்போதும் பஞ்சு பறக்கும். வேலிக்காத்தான் முள்ளெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்தால் தலையில் இரண்டு இழையாவது இருக்கும், எடுத்துவிட ஆள் வேண்டும். சந்து வழியாகப் போனால் நந்தவனத் தெருவுக்கு நான்கு நிமிஷம். அப்போது எங்களுக்கு எப்படியும் நாற்பது நிமிஷம் ஆகும்.

தேவையில்லாததெல்லாம் எழுதுகிறேன். இன்று எண்பத்திரண்டு சாலைகள் முடிந்தன.

மே 16, வியாழன்

லாட்ஜ் சாம்பார் இனிக்கிறது. மதுரையிலேயே.

மே 21, செவ்வாய்

கம்ப்யூட்டரில் போட்டது சரியா என்று ஒவ்வொரு சாலையாக நேரில் போய்ப் பார்க்கும் வேலை தொடங்கியது. சாலைக்கு ஒரு படிவம். அகலம், கடைகள், பள்ளி, ஆஸ்பத்திரி, வண்டி நிறுத்துவது, வேகத்தடை எல்லாம் நிரப்பி, "நேரில் பார்த்தேன்" என்று அடியில் கையெழுத்து. மொத்தம் இருநூறு படிவம். ஷர்மிளாவுக்கு நூற்றிநாற்பது, எனக்கு அறுபது. அவளுக்கு ஸ்கூட்டி இருக்கிறது, எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. பிரிக்கும்போது நந்தவனத் தெருப் பக்கத்துப் படிவங்களை அவள் பங்கில் வைத்திருந்தாள். நான்தான் வாங்கி என் பங்கில் வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த இடம், சீக்கிரம் முடியும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த கட்டடத்தில் இப்போது பல் ஆஸ்பத்திரி. வாசலில் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லா என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எதுக்கு நிக்கிறீங்க என்கிற மாதிரி பார்த்தாள். நியாயமான கேள்வி. அந்த ஜன்னலுக்குப் பின்னால் பதினான்கு மெஷின்கள் ஒரே நேரத்தில் தட்டுகிற சத்தம், நேற்று கேட்டதுபோல் காதில் வந்தது. அழுகை வரும்போல் இருந்தது. அம்பத்தொரு வயசில் பல் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதால் வலி தாங்காமல் அழுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

மே 24, வெள்ளி

வெயில் நூற்றிநான்கு டிகிரி. என் அறுபதும் முடிந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"நந்தவனத் தெருவும் மில் சந்துமா? காலையில இந்தப் படிவம் காலியா இருந்துச்சே சார், அதுக்குள்ள போயிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் ஷர்மிளா.

"அங்க பாக்க என்ன இருக்கு? வீடுங்கதான்" என்றேன்.

மனைவி சுகுணா போன் செய்தாள். பழைய ஆட்கள் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். யாரும் இல்லை என்று சொன்னேன்.

ஜூன் 13, வியாழன்

பள்ளிகள் திறந்தாயிற்று. கல்லூரி மாணவர்கள் இருபது பேர் பிடித்து, எட்டு சந்திப்புகளில் நிற்கவைத்து, காலை எட்டிலிருந்து பத்து வரை வண்டிகளை எண்ணினோம். நிஜ எண்ணிக்கையும் கம்ப்யூட்டர் எண்ணிக்கையும் ஓரளவு ஒத்துப்போனால்தான் எங்கள் குட்டி மதுரையை யாராவது நம்புவார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத், ஆபீஸ் விடுமுறை. இன்று ஷர்மிளா பெரிய டிபன் கேரியரில் பிரியாணி கொண்டுவந்தாள். லாட்ஜ் சாம்பாரில் ஒரு மாதம் ஆயுள் தண்டனை அனுபவித்தவனுக்கு அது என்ன என்று எழுத்தில் சொல்ல முடியாது. நான் மூன்றாவது கரண்டி வாங்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"சார், ஏழு ஜங்ஷன் நல்லா ஒத்துப்போகுது. நந்தவனத் தெரு முக்குல மட்டும் இடிக்குது. அந்தத் தெருவுக்குள்ள நேரா போற வண்டி நம்ம கம்ப்யூட்டர்ல மணிக்கு அறுபது. பசங்க எண்ணுனதுல நூத்தித் தொண்ணூறு."

"பசங்க டீ குடிக்கப் போயிட்டு வந்து குத்துமதிப்பாப் போட்டிருப்பானுங்க."

"டீ குடிக்கப் போனா கொறையத்தானே சார் செய்யும். இது கூடுதல்ல?"

எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"மில் சந்துக்குத் திரும்புற வண்டி நம்ம கணக்குல நூத்தியிருவது. பசங்க அந்தக் கட்டத்துல கோடு போட்டுட்டாங்க சார். ஒண்ணுகூட எழுதல."

முக்கில் நின்ற பையனுக்குச் சந்து தெரிந்திருக்காது, புதுசாக இருப்பவர்களுக்கு அது ஒரு வீட்டு வாசல் மாதிரிதான் தெரியும் என்று சொன்னேன். ஷர்மிளா என்னைப் பார்த்தாள். படிவத்தில் நான் போட்ட கையெழுத்தையும் பார்த்தாள். சரி சார் என்று சொல்லிவிட்டு கேரியரைக் கழுவப் போனாள்.

ஜூன் 20, வியாழன்

நந்தவனத் தெரு முக்கைச் சரிசெய்துவிட்டேன். எங்கள் தொழிலில் இதற்கு வழி இருக்கிறது. பொய் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டால் நிஜத்துக்கு ஒத்துவராது. நிஜ மனிதர்கள் நேரத்தைத் தப்பாக மதிப்பிடுவார்கள், பழகின வழியை விடமாட்டார்கள், என்றைக்கோ ஒருநாள் மாட்டிக்கொண்ட இடத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பொம்மைக்கும் கொஞ்சம் தப்பெண்ணம் ஊட்டவேண்டும். எவ்வளவு ஊட்டுவது என்பது நம் கையில். அந்தப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி ஊட்டினேன். அறுபது நூற்றி எழுபதாயிற்று. ஒத்துப்போகிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

ஷர்மிளா அதைப் பார்த்துவிட்டு, பையன்கள் எண்ணிய தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 26, புதன்

ஒருவழித் திட்டத்தை ஓடவிட்டு அதிகாரிகளுக்குக் காட்டினோம். பெரிய திரையில் குட்டிக் குட்டி வண்டிகள் எறும்பாக ஓடின. மணிக்கூண்டு சாலை காலியாகக் கிடந்தது. திரும்பி வரவேண்டிய வண்டிகளில் மணிக்கு நானூறு மில் சந்து வழியாக பைபாஸ் ஏறிவிடுகின்றன. நந்தவனத் தெருவுக்குள் கூடுதலாகப் போவது முப்பதுதான். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். பேப்பரில் அறிவிப்பு கொடுத்து, ரிப்போர்ட்டை மக்கள் பார்வைக்கு வைத்து, அடுத்த வெள்ளி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், அதற்கடுத்த திங்களிலிருந்து அமல் என்றார்கள்.

ரகோத்தமன் சார் போனில் கொஞ்சினார். இது முடிந்தால் திருச்சி வேலை நமக்குத்தான், அதற்குத் தலைமை நீங்கள்தான் என்றார். இந்த வயதில் முதல் தடவையாக ஒரு வேலைக்குத் தலைமை. சுகுணாவிடம் சொன்னேன், சாமிக்கு விளக்கேற்றப் போவதாகச் சொன்னாள்.

திரையில் அந்த நானூறு வண்டிகளும் சந்துக்குள் வளைந்து வளைந்து போவதைக் கண் எடுக்காமல் பார்த்தேன். அத்தனை கூட்டம் அங்கே ஷிப்ட் முடிகிற ஐந்தரைக்குத்தான் இருக்கும். சைக்கிள் மணியாகக் கேட்கும். நாங்கள் ஓரமாக இறங்கி நின்றுகொள்வோம்.

ஜூலை 1, திங்கள்

ஜெசிந்தா வந்தாள்.

பத்தரை மணி. படியேறி வந்து கதவருகில் நின்று, "அந்த ஒன்வே மேட்டரா ஒருத்தரப் பாக்கணும்" என்று ஷர்மிளாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். முடி பாதி நரைத்திருக்கிறது, சாயம் பூசவில்லை. பருத்திச் சேலை, கண்ணாடி, கழுத்தில் சின்னச் சிலுவை. என்னைப் பார்த்தாள். ஒரு வினாடி. அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கண்ணபிரான் சார்தான் இதுக்கு இன்ஜினியரா?"

சார் என்றாள். ஆமாம் என்றேன்.

"நந்தவனத் தெருவுல காது கேளாத பிள்ளைங்க ஸ்கூல் இருக்கு. நான் அங்க ஹெச்செம். பன்னெண்டு வருஷமா அந்தத் தெருவுலதான் நடக்குது. எழுபத்தாறு பிள்ளைங்க. ஒங்க ரிப்போர்ட்டுல ஸ்கூலே இல்லன்னு போட்டிருக்கு."

ஷர்மிளா எழுந்து படிவக் கட்டை எடுத்துவந்தாள். பள்ளி: இல்லை. ஆஸ்பத்திரி: இல்லை. அடியில் என் கையெழுத்து, நல்ல தெளிவாக.

"ஸ்கூல விடுங்க" என்றாள் ஜெசிந்தா. "நானூறு வண்டி மில் சந்துல போவும்னு போட்டிருக்கீங்களே, எந்த மில் சந்து?"

"செண்பகா மில் சந்து."

"அது அடைச்சுக் கெடக்கு. மில்ல மூடுன மறுவருஷமே கேஸாகி, கோர்ட்டுல சொல்லி ரெண்டு பக்கமும் சொவரு கட்டிட்டாங்க. பதினெட்டு வருஷம் ஆச்சு. ஆடு மாடுகூடப் போவ முடியாது."

ஷர்மிளா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அந்தக் கருணையை நான் மறக்கமாட்டேன்.

"அப்ப அந்த நானூறு வண்டியும் எங்க ஸ்கூல் வாசல்லதான் வரும். எங்க பிள்ளைங்களுக்கு ஹாரன் கேக்காது. கேட்டுக்கு வெளிய வந்தா, கையப் பாத்துப் பேசிக்கிட்டே நடக்கும்ங்க. ரோட்டப் பாக்காதுங்க. இப்ப வர்ற வண்டிக்கே நான் நாலு டீச்சரோட வெளிய நிக்கிறேன். திங்கக்கெழம இத ஆரம்பிச்சீங்கன்னா செவ்வாக்கெழம எவனாவது ஒரு பிள்ளைய அடிச்சுப் போட்டுட்டுப் போயிருவான்."

பார்க்கிறேன் என்று சொன்னேன். எழுந்து போகும்போது, "வெள்ளிக்கெழமை நான் வருவேன். பேரன்ட்ஸ்ல கொஞ்சப் பேருக்கும் காது கேக்காது. அவங்களுக்குச் சைகையில சொல்றதுக்கு ஆள் வேணும்" என்றாள்.

பழைய பேச்சு ஒன்றுகூட இல்லை. நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். போன் செய்தபோது சுகுணாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் தனியாகப் போனேன். நந்தவனத் தெரு முக்கிலிருந்து இருபது அடி. சுவர் இருக்கிறது. எட்டு அடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு, விரிசலில் ஒரு அரசங்கன்று. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். மில் சந்து என்றேன்.

"அட, நீங்க எந்தக் காலத்து ஆளுண்ணே" என்று சிரித்தார்.

ஆபீஸ் வந்து அந்தக் கோட்டின் மேல் சொடுக்கி, நீக்கு என்று கொடுத்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. அது எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்கும். டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஆம் என்று கொடுத்தேன். கோடு போயிற்று, சாம்பல் நிறம் வந்தது.

முதலில் பழைய நிலைமையை ஓட்டினோம். பொம்மைகளுக்கு நான் கூடுதலாக ஊட்டிய தப்பெண்ணத்தை எடுத்துவிட்டே ஓட்டினோம். நந்தவனத் தெருவுக்குள் நூற்றி எண்பத்தெட்டு. பையன்கள் எண்ணியது நூற்றித் தொண்ணூறு. டீ குடிக்கப் போனவர்கள் என்று அவர்களைச் சொன்னேன். பிறகு ஒருவழித் திட்டத்தை ஓட்டினோம். அதே தெருவில் ஐந்நூற்றி நாற்பது. பள்ளி விடுகிற நேரத்துக்கும் சேர்த்து ஓட்டச் சொன்னாள் ஷர்மிளா. ஆறேழு வினாடிக்கு ஒரு வண்டி.

"அங்க போகலன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் போயிட்டு வந்திருப்பேன் சார். ஸ்கூட்டியில அஞ்சு நிமிஷம்" என்றாள். கோபமில்லை அவளிடம். வருத்தம்தான் இருந்தது. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 3, புதன்

ரகோத்தமன் சாரிடம் போனில் சொன்னேன். ரொம்ப நிதானமாகப் பேசினார்.

"இப்ப எதுக்கு அவசரம்? சோதனை ஓட்டம்தானே. ஒரு மாசம் நடக்கட்டும், அப்புறம் சின்னத் திருத்தம்னு ஒண்ணு குடுத்துடலாம். ஸ்கூல் வாசல்ல ரெண்டு வேகத்தடை போடச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நீங்க பேச வேண்டாம், ஸ்லைடை மட்டும் காட்டுங்க. திருச்சிய நெனச்சுக்குங்க கண்ணபிரான்."

நினைத்துக்கொண்டேன். பகலெல்லாம் நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் கையைப் பார்த்துப் பேசிக்கொண்டு நடப்பது நடுவில் நடுவில் வந்தது.

ஜூலை 4, வியாழன்

நாலு மணிக்கு நந்தவனத் தெருவுக்குப் போனேன். எதிர்ச்சாரியில் ஒரு மாடிப்படி நிழலில் நின்றேன். கேட் திறந்தது. எழுபத்தாறு பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், தெருவில் சத்தமே இல்லை. அத்தனை கைகளும் பேசுகின்றன. இரண்டு பெண் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டு பின்னால் நடந்தபடியே வந்தார்கள், முகத்தை முகம் பார்த்தால்தானே சண்டை போட முடியும். ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஜெசிந்தா நடுத்தெருவில் இறங்கிக் கையை நீட்டி அதை நிறுத்தினாள். ஓட்டுநர் ஏதோ திட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுடைய அப்பா வீடு அதே இடத்தில் இருக்கிறது. பச்சைக் கதவு மாறி நீலமாகியிருக்கிறது.

எழுதிவிடுகிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து பத்து மணிக்கு மில் சந்து முக்கில் ஜெசிந்தா நிற்பதாகவும், நான் வந்து சேர்ந்ததும் இருவருமாகப் போய் அவள் அப்பாவிடம் பேசுவதாகவும் ஏற்பாடு. என் வீட்டில் வேதக்காரப் பெண்ணா என்று அம்மா சாப்பிடாமல் படுத்திருந்தாள். நான் சனிக்கிழமையே சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். திங்கள் வேலையில் சேர வேண்டும் என்பது உண்மைதான். ஞாயிறு சாயங்காலம் ஏறியிருந்தாலும் சேர்ந்திருக்கலாம். பிறகு எழுதுகிறேன் என்று ஒரு கார்டு போட்டேன். எழுதவில்லை.

அதனால்தான் அந்தத் தெருவுக்குப் போகாமல் கையெழுத்துப் போட்டேன். வெயில் காரணமில்லை.

ஜூலை 5, வெள்ளி

கூட்டம் பதினொரு மணிக்கு. மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். இடது பக்கம் இரண்டு வரிசை முழுக்கப் பள்ளிப் பெற்றோர்கள். அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காது கேட்காது. அவர்களுக்கு முன்னால், மேடைக்குப் பக்கவாட்டில், மேடையில் பேசுபவர் முகமும் அவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஜெசிந்தா நின்றாள். மேடையில் யார் பேசினாலும் அதை அவள் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷர்மிளா ஸ்லைடைப் போட்டாள். எறும்புகள் ஓடின. தலைமை வகித்த அதிகாரி, ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்றார். நான் எழுந்துவிட்டேன். மைக்கை வாங்கினேன்.

"இந்தப் படத்தில ஒரு ரோடு தப்பு. மில் சந்துன்னு காட்டியிருக்கிற ரோடு இப்ப இல்ல. சுவர் கட்டி பதினெட்டு வருஷமாச்சு. அதை எடுத்துட்டா இந்தத் திட்டம் நிக்காது. நானூறு வண்டியும் காது கேளாதோர் பள்ளி வாசல்லதான் போகும். ஒருவழி இப்ப வேண்டாம்னு நானே சொல்றேன்."

கூட்டத்தில் சலசலப்பு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நேர்ல பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"போட்டேன் சார். பொய்க் கையெழுத்து."

சொல்லிவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தேன். மேடையில் இருப்பவன் நான் என்று சொன்னால், சைகை செய்கிறவரும் நான் என்றுதான் சொல்ல வேண்டுமாம், அவர் சொல்கிறார் என்று மாற்றக்கூடாதாம். அது அவர்கள் முறை. இதைப் பிறகு ஷர்மிளாதான் விசாரித்துச் சொன்னாள். அப்போது எனக்குத் தெரியாது.

"நான் வரல" என்றேன். "வர்றேன்னு ஒத்துக்கிட்டு வரல. பயந்துக்கிட்டு வரல. அது என் தப்பு. மன்னிச்சிருங்க."

ஜெசிந்தா தன் விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள். பிறகு அந்த விரல் அவளை நோக்கி நடந்து வருவதுபோல் வந்து, பாதியில் நின்றது. உள்ளங்கையை விரித்து இல்லை என்று அசைத்தாள். அடுத்த வாக்கியத்துக்கும் அதையே செய்தாள். மூன்றாவதற்குக் கையை மார்போடு சேர்த்துக் கொஞ்சம் பின்வாங்கினாள். கடைசியில் மறுபடி நெஞ்சைத் தொட்டு, இரண்டு காது மடலையும் பிடித்தாள். இரண்டு வரிசைப் பெற்றோர்களும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தது.

திட்டத்தை நிறுத்திவைக்கிறோம், புதிதாக ஆய்வு செய்தபின் பார்க்கலாம் என்றார் அதிகாரி. மண்டபத்தை விட்டு இறங்குவதற்குள் ரகோத்தமன் சார் போன். திருச்சிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார், இங்கே மிச்ச வேலையை ஷர்மிளா பார்ப்பாள், நான் திங்கட்கிழமை சென்னை ஆபீசில் வந்து பேச வேண்டும். சரி என்றேன். பயமாகத்தான் இருக்கிறது. சுகுணாவிடம் சொன்னேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

ஜூலை 6, சனி

ஊருக்குக் கிளம்பும் முன் பள்ளிக்குப் போனேன். இன்று அரைநாள், பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஜெசிந்தா வராந்தாவில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் கணவருக்கு ரயில்வேயில் வேலை, ஒரே பெண், நர்சிங் படிக்கிறாள். இதெல்லாம் அவளாகவே சொன்னாள். எனக்குக் காபி வரவழைத்தாள்.

குடித்து முடித்துவிட்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். "அன்னிக்கு ரொம்ப நேரம் நின்னியா?"

நீ என்று வந்துவிட்டது. அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"அரை மணி நேரம் நின்னேன். நீ வர மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு எங்க வீட்டுல கறிக்கொழம்பு. பசிச்சுச்சு, போயிட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அழுதேன், அது வேற. ரெண்டு மூணு மாசம் அழுதேன். ஆனா அங்க நிக்கல."

நான் தலையாட்டினேன். இருபத்தாறு வருஷமாக என் மனசுக்குள் அவள் பொழுது சாயும்வரை அந்தச் சந்து முக்கிலேயே நின்றுகொண்டிருந்தாள்.